சர்வரின் வாசலில் எந்தக் காவலர்?

ஜொகூரில் தரவு மையங்களைப் பற்றிப் பேசாத நாள் இப்போது அரிது. கூலாய் வட்டாரத்தில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா, இஸ்கண்டார் புத்ரியில் நூசாஜெயா தொழில்நுட்பப் பூங்கா எனப் பல இடங்களில் சன்னல் குறைந்த பெரிய கட்டடங்கள் எழுந்துவிட்டன. 2019-இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தி வைத்தது. 2022-இல்தான் நிபந்தனைகளோடு அந்தத் தடையைத் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் முதலீட்டாளர்களின் பார்வை பாலத்திற்கு இந்தப் பக்கம் திரும்பியது. இங்கே நிலமும் இருந்தது, சிங்கப்பூருக்கு அருகாமையும் இருந்தது.

இந்த மையங்களுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று நாம் விவாதிக்கிறோம். உள்ளே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு சர்வரின் வாசலிலும் ஒரு காவலர் நிற்கிறார். அவரைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அவர் பெயர் தீச்சுவர். ஃபயர்வால் என்று சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். டியூஷன் நிலையம், மளிகை மொத்த வியாபாரம், கோயில் நிர்வாகம் என எங்கெல்லாம் உறுப்பினர் பட்டியலும் கணக்கும் ஒரு சிறிய சர்வரில் இருக்கின்றனவோ, அங்கெல்லாம் இந்தக் காவலர் தேவை. எஸ்.பி.எம். முடித்துக் கணினித் துறையில் டிப்ளோமா படிக்கும் நம் பிள்ளைகளுக்கு முதல் வேலையிலேயே இந்தப் பொறுப்பு கைக்கு வரலாம். அப்போது அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இத்தனை கருவிகள் இருக்கின்றனவே, எதைத் தேர்ந்தெடுப்பது?

குடிநுழைவும் சுங்கமும்

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வருகிறவர்களுக்கு சுல்தான் இஸ்கண்டார் கட்டடம் பழக்கமானது. அங்கே இரண்டு வகைச் சோதனைகள் நடக்கின்றன. குடிநுழைவு முகப்பில் உங்கள் கடப்பிதழைப் பார்க்கிறார்கள். நீங்கள் யார், எந்த நாட்டவர் என்பது அவர்களுக்குப் போதும். சுங்கத்தில் பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இணையத்தில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கிறது. சாதாரணமாக ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1500 பைட். அதன் தொடக்கத்தில் முகவரிச் சீட்டு போன்ற பகுதி ஒன்று இருக்கும். நாம் அதிகம் பயன்படுத்தும் ஐ.பி. நான்காம் பதிப்பில் அதன் குறைந்தபட்ச அளவு 20 பைட். அதை ஒட்டி டி.சி.பி. என்னும் இணைப்பு நெறிமுறையின் சீட்டு இன்னொரு 20 பைட். பொட்டலம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தப் போர்ட் எண்ணைத் தட்டுகிறது என்பன அந்த 40 பைட்டில் இருக்கின்றன. போர்ட் என்பது சர்வரின் கதவு எண். 0 முதல் 65535 வரை கதவுகள் உண்டு. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, தொலைவிலிருந்து சர்வரை நிர்வகிக்க 22 என்று ஒவ்வொரு சேவைக்கும் வழக்கமான எண்கள் இருக்கின்றன.

இந்த முகவரிச் சீட்டை மட்டும் படித்து, 'போகலாம்' அல்லது 'போகக்கூடாது' என்று முடிவு செய்வதே பொட்டல வடிகட்டியின் வேலை. அது குடிநுழைவு அதிகாரியைப் போன்றது. பையைத் திறந்து பார்க்கும் சுங்க வேலையைச் செய்ய வேறு கருவிகள் இருக்கின்றன.

ஒரே பொட்டலத்தில் வந்த தொல்லை

சீட்டை மட்டும் பார்ப்பதால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். 2003 ஜனவரி 25-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். ஸ்லாமர் என்று பின்னர் பெயர் பெற்ற ஒரு கணினிப் புழு உலகம் முழுவதும் பரவியது. அதன் உடல் வெறும் 376 பைட். ஒரே பொட்டலத்தில் அடங்கிவிடும். தொடக்கத்தில் ஏறத்தாழ 8.5 வினாடிக்கு ஒருமுறை அதன் எண்ணிக்கை இரட்டிப்பானது. பத்தே நிமிடத்தில், பாதிப்புக்கு இடம் கொடுத்த கணினிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதன் பிடியில் சிக்கின. குறைந்தது 75,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. தென் கொரியாவில் இணையச் சேவையே முடங்கியது.

அந்தப் புழு தட்டிய கதவு ஒன்றே ஒன்று: யு.டி.பி. நெறிமுறையின் 1434-ஆம் போர்ட். தரவுத்தளச் சர்வர்கள் பயன்படுத்தும் அந்தக் கதவை வெளியுலகுக்குத் திறந்து வைக்க வேண்டிய தேவை பெரும்பாலான நிறுவனங்களுக்கு இல்லை. '1434-க்கு வெளியிலிருந்து யாரும் வரக்கூடாது' என்ற ஒரு வரி விதி வாசலில் இருந்திருந்தால், அந்த வாசல் வழியாகப் புழு நுழைந்திருக்காது. பையைத் திறக்காமலேயே தடுத்திருக்கலாம்.

காவலர்களின் வரிசை

இனி கருவிகளுக்கு வருவோம். சர்வர்களில் பெரும்பங்கு லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிறது. லினக்ஸில் பொட்டலங்களைச் சோதிக்கும் வேலை கெர்னல் எனப்படும் மையப் பகுதிக்குள் நடக்கிறது. அந்த மையத்துக்கு விதிகளைச் சொல்லித் தரும் கருவிகளைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

முதலில் ஐபி டேபிள்ஸ். ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் முன்னின்று உருவாக்கிய இது, 2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4-உடன் பரவியது. இருபது ஆண்டுக்கு மேலான பழக்கம் என்பதால் பாடநூல்களிலும் பழைய நிறுவனங்களின் சர்வர்களிலும் இதுவே மிகுதியாகக் காணப்படும். இதன் குறை, ஐ.பி. நான்காம் பதிப்புக்கு ஒரு கருவி, ஆறாம் பதிப்புக்கு இன்னொரு கருவி என்று வேலை பிரிந்து கிடப்பது. நான்காம் பதிப்பின் கதவை மூடிவிட்டு ஆறாம் பதிப்பின் கதவை மறந்துவிடுவது எளிது. அதே சர்வர், அதே சேவை, ஆனால் பின்வாசல் திறந்திருக்கும்.

இரண்டாவது என்எஃப் டேபிள்ஸ். பேட்ரிக் மெக்ஹார்டி தொடங்கிய இந்தத் திட்டம் 2014 ஜனவரியில் லினக்ஸ் 3.13-இல் சேர்ந்தது. ஐ.பி.யின் இரண்டு பதிப்புகளுக்கும் ஒரே பட்டியலில் விதி எழுதலாம். நூற்றுக்கணக்கான முகவரிகளை ஒரு தொகுப்பாகக் கட்டி ஒரே விதியில் வைக்கலாம். பட்டியல் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றலாம். பாதி புதிய விதி, பாதி பழைய விதி என்று வாசல் தடுமாறும் நேரம் இல்லை. 2019-இல் வெளிவந்த டெபியன் 10 இதையே இயல்பான ஏற்பாடாக எடுத்துக்கொண்டது. அதிலிருந்து, டெபியனில் நீங்கள் ஐபி டேபிள்ஸ் கட்டளையைத் தட்டினாலும், அது பின்னால் புதிய அமைப்பின் மொழிக்கு மாற்றப்படுகிறது.

மூன்றாவது பி.எஃப். இது லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. ஓப்பன் பி.எஸ்.டி. என்ற இயங்குதளம் அதுவரை வைத்திருந்த வடிகட்டியை உரிமச் சிக்கலால் 2001-இல் நீக்கியது. அந்த வெற்றிடத்தை நிரப்ப டேனியல் ஹார்ட்மையர் புதிதாக எழுதியதே பி.எஃப். அதே ஆண்டு டிசம்பரில் ஓப்பன் பி.எஸ்.டி. 3.0-உடன் வெளிவந்தது. இதன் விதிகள் ஏறக்குறைய சாதாரண வாக்கியம் போலப் படிக்க முடியும். ஒரு வலையமைப்பின் முதன்மை வாசலில் பலர் நிறுவும் பி.எஃப். சென்ஸ் மென்பொருளின் உள்ளே இருப்பதும் இதுதான். ஃப்ரீ பி.எஸ்.டி. இயங்குதளத்தில் ஐ.பி.எஃப்.டபிள்யு. என்ற இன்னொரு பழைய வடிகட்டியும் உண்டு.

இவற்றைத் தவிர, விதிகளை எளிய சொற்களில் எழுத உதவும் முகப்புக் கருவிகள் இருக்கின்றன. உபுண்டுவில் 2008 முதல் வரும் யு.எஃப்.டபிள்யு., ரெட் ஹேட் குடும்பத்தில் வரும் ஃபயர்வால்-டி ஆகியவை அப்படிப்பட்டவை. இவை தனிக் காவலர்கள் இல்லை. நீங்கள் சொல்வதைக் கெர்னலுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் எழுத்தர்கள்.

ஒரே விதி, எதிரெதிர் முடிவு

வகுப்பில் இதை விளக்க நான் அட்டைகளைப் பயன்படுத்துவேன். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு போர்ட் எண் இருக்கும். ஒரு மாணவர் வாசலில் நின்று, கரும்பலகையில் எழுதிய விதிகளைப் படித்து அட்டைகளை உள்ளே விடுவார். நீங்களும் வீட்டில் முயன்று பாருங்கள். இரண்டே விதிகள் போதும்.

விதி ஒன்று: 443-க்கு வருபவரை அனுமதி.
விதி இரண்டு: எல்லாரையும் மறு.

443 என்று எழுதிய அட்டை வருகிறது. ஐபி டேபிள்ஸ் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். ஆகவே அட்டை உள்ளே போகும். பி.எஃப். பட்டியல் முழுவதையும் படிக்கும். கடைசியாகப் பொருந்தும் விதியே வெல்லும். ஆகவே அதே அட்டை திருப்பி அனுப்பப்படும். 'பொருந்தியதும் நின்றுவிடு' என்று அந்த விதியிலேயே குறிப்பிட்டால்தான் பி.எஃப். முதல் விதியோடு நிற்கும்.

ஒரு கருவியில் பழகியவர் இன்னொரு கருவிக்கு மாறும்போது விதிகளை வரிக்கு வரி பெயர்த்து வைத்தால், வாசல் தலைகீழாக வேலை செய்யும். கதவு முழுவதும் மூடிக்கொண்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், யாராவது தொலைபேசியில் அழைத்துப் புகார் சொல்வார்கள். திறந்து கிடந்தால் யாரும் அழைத்துச் சொல்ல மாட்டார்கள்.

வேகம் எப்போது முக்கியம்?

கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் முதலில் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். வினாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஒரு கம்பியில் மிகச் சிறிய பொட்டலங்கள் இடைவிடாமல் வந்தால், வினாடிக்கு சுமார் 1 கோடியே 48 லட்சம் பொட்டலங்கள் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் சுமார் 67 நானோ வினாடி. அந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளிகூட 20 மீட்டர்தான் செல்லும். 3 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒன்றின் கடிகாரம் 200 முறைதான் துடிக்கும். 1000 விதிகளை ஒவ்வொன்றாகப் படித்து முடிக்க 200 துடிப்பு எப்படிப் போதும்?

பெரிய தரவு மையங்கள் இந்தச் சிக்கலைச் சந்திக்கின்றன. அதனால்தான் 2016-இல் லினக்ஸ் 4.8-உடன் எக்ஸ்.டி.பி. என்ற வழி வந்தது. பொட்டலம் வலையட்டையிலிருந்து இறங்கிய கையோடு, கெர்னலின் மற்ற வேலைகள் தொடங்கும் முன்பே, அதைத் தூக்கி எறிய முடியும். வெள்ளம் போல் தாக்குதல் வரும்போது இது பயன்படும்.

ஆனால் ஒரு பள்ளியிலோ நடுத்தர நிறுவனத்திலோ அந்த வெள்ளம் அன்றாடம் வருவதில்லை. மேலும், இன்றைய வடிகட்டிகள் இணைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். ஓர் இணைப்பின் முதல் பொட்டலம் அனுமதிக்கப்பட்டால், அதே இணைப்பில் வரும் மற்றவற்றை 'ஏற்கெனவே தெரிந்தவர்' என்று விட்டுவிடலாம். அந்த விதியைப் பட்டியலின் தலையில் வைத்தால் பெரும்பாலான பொட்டலங்கள் ஒரே விதியோடு கடந்துவிடும். முகவரிகள் அதிகமாக இருந்தால் தொகுப்பாகக் கட்டுங்கள். தொகுப்பில் தேடுவது, அகராதியில் சொல் தேடுவது போல நேராக இடத்துக்குப் போவது. சில பத்து விதிகளோடு ஓடும் ஒரு சர்வருக்கு இந்தக் கருவிகளுக்கிடையே உள்ள வேக வேறுபாடு உங்கள் கண்ணில் படவே படாது.

சுவர் இருந்தது, வழி வேறாக இருந்தது

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? ஸ்லாமர் புழுவின் கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி என்ற அணுமின் நிலையம் உள்ளது. அதன் நிறுவனம் தீச்சுவர் வைத்திருந்தது. புழு தட்டிய கதவு அந்தச் சுவரில் மூடித்தான் இருந்தது. ஆனால் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து வந்த தனிக் கம்பி ஒன்று, சுவரைத் தொடாமல் நேரே உள்ளே இணைக்கப்பட்டிருந்தது. புழு அந்த வழியாக வந்தது. நிலையத்தின் பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இயங்கவில்லை. அச்சமயம் அணு உலை நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால் பெரிய ஆபத்து நேரவில்லை.

இதே கதை இன்று சிறு அளவில் திரும்ப நடக்கிறது. டாக்கர் என்ற மென்பொருள் பலருக்குத் தெரியும். ஒரு சேவையைத் தேவையான பொருள்களோடு ஒரு பெட்டியில் அடைத்து ஓடவிட உதவுவது. உபுண்டு சர்வரில் ஒருவர் யு.எஃப்.டபிள்யு. வைத்து, 22, 443 தவிர எல்லாக் கதவையும் மூடுகிறார். பிறகு டாக்கரில் ஒரு தரவுத்தளத்தை ஓடவிட்டு அதன் போர்ட்டை வெளியிடுகிறார். டாக்கர் தானாகவே கெர்னலுக்குத் தன் விதிகளை எழுதுகிறது. அதன்படி, வெளியிலிருந்து வரும் பொட்டலம் 'இந்தச் சர்வருக்கு வந்தது' என்ற வரிசையில் நிற்காமல், 'இவ்வழியே வேறிடம் போவது' என்ற வரிசைக்குத் திருப்பப்படுகிறது. யு.எஃப்.டபிள்யு.வில் அவர் எழுதிய விதிகள் முதல் வரிசையில் காத்திருக்கின்றன. நிலையைக் கேட்டால் எல்லாம் மூடியிருப்பதாகவே காட்டும். தரவுத்தளமோ இணையத்துக்குத் திறந்திருக்கும். இந்த இயல்பை டாக்கரின் ஆவணங்களே சொல்கின்றன. வெளியே தேவைப்படாத சேவையைச் சர்வரின் உள்முகவரியான 127.0.0.1-இல் மட்டும் வெளியிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

இரண்டு கருவிகளை ஒரே வாசலில் நிறுத்தினாலும் குழப்பம்தான். லினக்ஸில் ஒரு பட்டியல் 'அனுமதி' என்று சொன்ன பொட்டலத்தை, அதே வாசலில் அடுத்து நிற்கும் இன்னொரு பட்டியல் மறுக்க முடியும். காரணம் தேடுகிறவர் ஒரு பட்டியலை மட்டுமே படித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை இரண்டு. எல்லாப் பொட்டலமும் இந்தக் காவலரைக் கடந்துதான் போகிறதா? பட்டியல் முழுவதையும் படித்து, இன்ன பொட்டலம் வந்தால் இன்னது நடக்கும் என்று சொல்லக்கூடியவர் நம்மிடம் இருக்கிறாரா? இந்த இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்ல வைக்கும் கருவியே உங்களுக்கு ஏற்றது.

நீங்கள் எதை எடுக்கலாம்?

ஒரே ஒரு லினக்ஸ் சர்வர், பார்த்துக்கொள்பவர் ஒருவர், அவருக்கும் வேறு வேலை உண்டு என்றால், யு.எஃப்.டபிள்யு. அல்லது ஃபயர்வால்-டி போதும். பத்து வரிக்குள் அடங்கும் பட்டியலை மாதம் ஒருமுறை படித்துப் பார்க்க முடியும்.

பல சர்வர்கள், புதிதாகத் தொடங்கும் வலையமைப்பு என்றால் என்எஃப் டேபிள்ஸை நேரடியாகக் கற்றுக்கொள்ளுங்கள். விதிகளை ஒரே கோப்பில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' என்ற குறிப்பையும் சேர்த்து வையுங்கள். பழைய ஐபி டேபிள்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் பதற்றத்தில் மாற்ற வேண்டாம். நாள் குறித்து, சோதித்து மாற்றலாம்.

வலையமைப்பு முழுவதற்கும் ஒரு முதன்மை வாசல் வேண்டுமென்றால் பி.எஃப். கொண்ட தனி இயந்திரம் நல்ல தேர்வு. ஆனால் அதன் 'கடைசி விதி வெல்லும்' பழக்கத்தைக் குழுவில் உள்ள எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் சில பழக்கங்கள் பொது. முதலில் எல்லாவற்றையும் மறுத்துவிட்டுத் தேவையானதை மட்டும் திறங்கள். ஐ.பி. ஆறாம் பதிப்பை மறக்காதீர்கள். தொலைவிலிருந்து விதியை மாற்றும்போது, 'ஐந்து நிமிடத்தில் நான் உறுதி செய்யாவிட்டால் பழைய பட்டியலுக்குத் திரும்பு' என்று ஒரு நேரக் கட்டளை வைத்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்களையே வெளியே பூட்டிக்கொண்டு, ஒரு விதியைத் திருத்த ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் வரை கார் ஓட்ட நேரலாம். மாற்றி முடித்ததும் வெளியே உள்ள வேறொரு கணினியிலிருந்து கதவுகளைத் தட்டிப் பாருங்கள். சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

இது இப்போது சட்டத்தோடும் தொடர்புடையது. மலேசியாவின் 2024 இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, 2024 ஆகஸ்ட் 26-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வங்கி, சுகாதாரம், தண்ணீர், போக்குவரத்து உள்ளிட்ட 11 துறைகளின் முக்கியத் தகவல் கட்டமைப்புகள் அதன் கீழ் வருகின்றன. அத்துறைகளில் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளிடம், 'இந்த விதி ஏன் இங்கே இருக்கிறது?' என்று தணிக்கையாளர் கேட்கக்கூடும்.

பழகிப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்குப் பெரிய செலவில்லை. மேலே சொன்ன வடிகட்டிகள் அனைத்தும் இலவசம். பழைய மடிக்கணினி ஒன்றில் இரண்டு மெய்நிகர் கணினிகளை அமைத்து, ஒன்றில் விதி எழுதி, இன்னொன்றிலிருந்து தட்டிப் பார்க்கலாம். உங்களுக்குச் சொந்தமான கணினியில் மட்டும் செய்யுங்கள். பிறர் கணினியில் அனுமதியின்றி நுழைவது 1997 கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம்.

பெற்றோரே, உங்கள் கடையிலோ சங்கத்திலோ சர்வர் ஒன்று இருந்தால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த வாரம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தெந்தக் கதவுகள் வெளியே திறந்திருக்கின்றன, ஏன்? அவர் அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதித் தர முடிந்தால், எந்தக் கருவி என்பதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.